சின்னத்திரையில் பள்ளி வினாடி வினா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)

'க்விஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'வினாடி வினா' என்று தமிழில் பெயர் சூட்டிய பெருமகன் யாராயினும் அவருக்கு ஒரு மாலை அணிவிக்கலாம். வினாடி என்பது காலம். வினா என்பது கேள்வி. காலத்திற்குள் அடங்க வேண்டிய கேள்வி என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. மோனையும் சேர்ந்து காதுக்கு இனிமை தருகிறது. நம் முன்னோர்க்கும் இவ்விளையாட்டு புதிதன்று. தொல்காப்பியர் விடுகதையைப் 'பிசி' என்கிறார். 'நொடி' என்ற சொல்லுக்கோ கணப்பொழுது என்றும் விடுகதை என்றும் இரு பொருள் உண்டு. ஆகவே காலத்தையும் கேள்வியையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்தவர்கள் நாம் என்று சற்றுப் பெருமை கொள்ளலாம்.

மேடையேறிப் பலர் முன்னிலையில் கேள்விக்கு விடை சொல்லும் கலையும் நம்மிடம் இருந்தது. 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கருத்தைச் செலுத்திச் சதாவதானம் நிகழ்த்தினார். ஆனால் அவதானம் தனி ஒருவரின் ஆற்றல். பள்ளிக்குப் பள்ளி அணியாகத் திரண்டு, மணியடித்து, மதிப்பெண் பலகை பார்த்து மோதிக்கொள்ளும் இன்றைய வினாடி வினா வானொலியும் தொலைக்காட்சியும் பெற்றெடுத்த பிள்ளை. அப்பிள்ளையின் பிறப்பு, வளர்ப்பு, குணம், குறை ஆகியவற்றை நான் அறிந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்கும் சிறிது வரும். மின்சுற்றும் சிறிது வரும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க!

இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலி 1948இல் 'டாப் ஆஃப் த ஃபார்ம்' என்ற பெயரில் பள்ளி அணிகளின் போட்டியைத் தொடங்கியது. அது 1986 வரை நடந்தது. அதன் தொலைக்காட்சி வடிவம் 1962 முதல் 1975 வரை வந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1961இல் 'இட்ஸ் அகாடெமிக்' தொடங்கியது. பள்ளிக்கு மூவர், மேடைக்கு மூன்று பள்ளி என்ற எளிய அமைப்பு. மேக் மெக்காரி என்பவர் தொடக்க ஆண்டிலிருந்து 2011 வரை, ஐம்பது ஆண்டுகள், அதே மேசைக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டார் என்றால் வியப்பாக இல்லையா? கனடாவிலும் அதே 1961இல் 'ரீச் ஃபார் த டாப்' என்ற பள்ளிப் போட்டி வான்கூவரில் பிறந்து, பின்னர் நாடு முழுதும் பரவியது.

இந்நிகழ்ச்சிகள் பிறந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னர்தான் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவின் மானம் கப்பலேறியிருந்தது. 'ட்வென்டி ஒன்' என்ற பெரும்பரிசுப் போட்டியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் 1956-57இல் வாரந்தோறும் வென்று நாட்டின் செல்லப்பிள்ளையானார். விடைகள் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்பதை 1959இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். நெற்றியைத் துடைப்பதும், யோசிப்பதுபோல் தயங்குவதும்கூட ஒத்திகை பார்க்கப்பட்டவை! இத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டம் 1960இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் போட்டியில் பணம் சிறிது, கௌரவம் பெரிது. அதனால்தான் அது மக்கள் நம்பிக்கையைப் பெற்று நிலைத்தது என்பது என் கருத்து.

விதியில் நியாயம் இருக்கிறதா என்ற கேள்வி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் 'யூனிவர்சிட்டி சாலஞ்ச்' கல்லூரி மாணவர்க்கான போட்டி. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஓர் அணி மட்டுமே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிற்கும் கல்லூரிக்கு ஓர் அணி என்ற சலுகை. இதை எதிர்த்து 1975இல் மான்செஸ்டர் அணி ஒரு வேடிக்கை செய்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் 'மார்க்ஸ்', 'டிராட்ஸ்கி', 'சே குவேரா' என்றே விடை கூறிக்கொண்டிருந்தது! மதிப்பெண் போயிற்று, செய்தி சேர்ந்துவிட்டது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1967இல் நீல் ஓ'பிரையன் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்திய போட்டியே இந்தியாவின் முதல் பொது வினாடி வினா எனக் குறிப்பிடப்படுகிறது. பள்ளிகளுக்கான பெரும் போட்டி 1972இல் பிறந்தது. அதுதான் போர்ன்விட்டா வினாடி வினா. முதலில் நகரங்களின் அரங்குகளில் நடந்து, பின்னர் வானொலிக்கு வந்தது. ஹமீத் சயானி அதை நடத்தினார். 1975இல் அவர் மறைந்தபின் தம்பி அமீன் சயானி ஏற்றார். 1992இல் நிகழ்ச்சி ஜீ தொலைக்காட்சிக்கு மாறியபோது நடத்துநர் டெரிக் ஓ'பிரையன். கல்கத்தாவில் விதை போட்ட நீல் ஓ'பிரையனின் மகனே இவர். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். தந்தை, மகன், அண்ணன், தம்பி என இந்திய வினாடி வினாவின் வரலாறு இரண்டு குடும்பங்களின் வரலாறுபோலத் தோன்றுகிறது! சில ஆண்டுகள் நின்றுபோன போட்டி 2011இல் கலர்ஸ் தொலைக்காட்சியில் மீண்டும் வந்தது. இடையே 1985இல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் நடத்திய 'க்விஸ் டைம்' கல்லூரி அணிகளுக்கானது எனினும், நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்தே மேடை ஆசை வளர்த்துக்கொண்டனர். 2021இல் மத்திய அரசின் 'ஃபிட் இந்தியா' வினாடி வினா வந்தது. பள்ளிக்கு இருவர், விளையாட்டும் உடல்நலமும் பொருள், மொத்தப் பரிசு 3.25 கோடி ரூபாய்.

தமிழ்த் தொலைக்காட்சியைப் பார்த்தால் நிலைமை வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயினும் வினாடி வினா நம் வீட்டுக் கூடத்திற்குப் பெரும்புகழோடு வந்தது பள்ளிப் போட்டியாக அன்று, பணப் போட்டியாகத்தான். 2012இல் விஜய் தொலைக்காட்சியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. பின்னர் கலர்ஸ் தமிழில் 'கோடீஸ்வரி'. இவற்றை இழித்துரைக்க நான் வரவில்லை. 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்றவர் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண்மணி. கேள்வி கேட்பவரின் உதட்டசைவைப் படித்து அவர் விடையளித்தார். கேள்வி அவருடைய மொழியில் இருந்தது. விடையளிக்க அவருக்கு ஏற்ற வழியும் செய்யப்பட்டது. இந்த இரண்டும் கூடினால் அறிவு எங்கிருந்து வேண்டுமானாலும் வெளிப்படும் என்பதற்காகவே இதை இங்கே குறித்தேன்.

நான் தொலைக்காட்சிப் பள்ளிப் போட்டிகளைப் பார்த்தது கைப்பேசியில், பழைய பதிவுகளாக. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா சிப்காட்டில் ஒரு வார்ப்பாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் இரவு ஷிப்ட்டுக்குப் போனபின் நானும் அம்மாவும் அந்தப் பதிவுகளைப் பார்ப்போம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒருநாள் அவர் கேட்டது நல்ல கேள்வி: "கேள்வி முடியறதுக்குள்ளயே மணி அடிக்கிறானே, அவனுக்கு எப்படிடா தெரியும்?" இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் போட்டி நடக்கும் முறையை முதலில் விளக்க வேண்டும்.

முதலில் எழுத்துச் சுற்று. வந்திருக்கும் அணிகள் அனைத்திற்கும் இருபது அல்லது முப்பது கேள்விகள் கொண்ட தாள். அதில் முந்திய ஆறு அணிகளே மேடைக்கு. கூட்டம் காணாத, விளக்கில்லாத இந்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலான பள்ளிகளின் கதை முடிந்துபோகிறது. தொலைக்காட்சியில் நாம் காண்பது எஞ்சியவர்களை மட்டுமே. மேடையில் நேரடிக் கேள்விச் சுற்று, படமும் ஒலியும் காட்டும் சுற்று, மணிச் சுற்று, அதிவேகச் சுற்று என்று பல உண்டு. படச் சுற்றையும் அதிவேகச் சுற்றையும் பற்றி விளக்க ஒன்றுமில்லை, பார்த்தாலே புரியும்.

நேரடிச் சுற்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகும். இதைத் தள்ளுபடிக் கேள்வி என்போம். நேரடி விடைக்கு 10, தள்ளுபடிக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அணி பத்துக் கேள்வியில் ஆறுக்கு விடை தெரிந்த அணி. உங்களுக்கு முன்னால் அமர்ந்திருப்பது பத்தில் மூன்று மட்டுமே தெரிந்த அணியானால், அதற்குக் கேட்கப்படும் பத்தில் ஏழு உங்களிடம் வரும். அவற்றில் சராசரியாக 4.2 கேள்விக்கு விடை சொல்வீர்கள், 21 மதிப்பெண். முன்னால் இருப்பது பத்தில் எட்டு தெரிந்த அணியானால் இரண்டே கேள்வி வரும், 1.2 விடை, 6 மதிப்பெண். ஆக, நாற்காலி மாறியதற்காக மட்டும் 15 மதிப்பெண் வேறுபாடு! பெரும்பாலான இறுதிப் போட்டிகள் இதைவிடக் குறைந்த வேறுபாட்டில் முடிகின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இக்குறையை நீக்க இந்திய வினாடி வினா அரங்குகளில் ஒரு முறை வழங்குகிறது. கேள்வி எந்த அணியிடம் விடை பெறுகிறதோ, அதற்கு அடுத்த அணிக்கே அடுத்த நேரடிக் கேள்வி. யாருக்கும் தெரியாவிட்டால் முதலில் கேட்கப்பட்ட அணிக்கு அடுத்த அணி. தள்ளுபடிக்கும் முழு மதிப்பெண். பாதிப் போட்டி இடமிருந்து வலம், மீதி வலமிருந்து இடம். இத்துடன், விடை உறுதியாகத் தெரிந்த அணி தன் முறை வருமுன்னரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம், தவறினால் மதிப்பெண் குறையும் என்ற விதியையும் சேர்ப்பதுண்டு. பார்க்கிறவர்களுக்குச் சிக்கலாகத் தோன்றும். ஆனால் நாற்காலியின் அதிர்ஷ்டம் வெகுவாகக் குறைந்துவிடும். தொலைக்காட்சிக்கோ எளிமை வேண்டும், வேகம் வேண்டும். ஆகவே அங்கே மணிதான் அரசன்.

மணிக்கு வருவோம். சென்ற பிப்ரவரியில் நம் துறை மன்றம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு நடத்திய போட்டிக்காக, ஆறு அணிகளுக்கான மணிப்பெட்டியைச் செய்யும் பொறுப்பு எனக்கும் வகுப்புத் தோழர் இருவருக்கும் தரப்பட்டது. ரிச்சி தெருவில் பொருள்களை வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே திரும்பினோம். இதயம் 74373 என்ற சில்லு. அதற்குள் எட்டுத் தாழ்ப்பாள்கள் உள்ளன. எல்லாவற்றிற்கும் பொதுவாக ஓர் அனுமதி முனை. அம்முனையில் மின்னழுத்தம் உயர்ந்திருக்கும்வரை தாழ்ப்பாள்கள் திறந்திருக்கும். தாழ்ந்தால் அத்தனையும் அந்த நிலையிலேயே உறைந்துவிடும். ஓர் அணி பொத்தானை அழுத்தியதும் அதன் தாழ்ப்பாளின் வெளியீடு தாழ்கிறது. எட்டு உள்ளீடு கொண்ட 7430 என்ற 'நேண்ட்' வாயில் அதைக் கண்டுகொள்கிறது. 7404 என்ற தலைகீழாக்கி வழியாக அனுமதி முனையைத் தாழ்த்துகிறது. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று! பிறகு மற்ற ஐவரும் முட்டி மோதினாலும் முதல் விளக்கு மட்டுமே எரியும். இந்த வேலை முழுதும் சுமார் 50 நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியில் இரண்டு கோடியில் ஒரு பங்கில், முடிந்துவிடுகிறது.

மனிதனோ அவ்வளவு வேகமுடையவன் அல்லன். ஒளியைக் கண்டு விரலை அசைக்க நமக்குச் சுமார் கால் வினாடி ஆகிறது. ஒலியைக் கேட்டு அசைக்க அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே கேள்வி முடிந்தபின் அழுத்துகிறவன் தோற்றான். தேர்ந்த அணி, கேள்வியின் எந்தச் சொல்லில் விடை திறக்கிறது என்பதை முன்னுணர்ந்து அச்சொல் வாயில் வரும்போதே அழுத்திவிடுகிறது. பிறகு கிடைக்கும் சில வினாடிகளில் விடையை உறுதி செய்துகொள்கிறது. அம்மாவின் கேள்விக்கு இதுவே விடை. மணியடிக்கும்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் செய்தி தொடங்குகிறது. சில்லு ஆறு அணிகளுக்கும் சமம்; 50 நானோ வினாடியில் அது யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. ஆனால் கேள்வி ஆங்கிலத்தில் வருமாயின், தமிழ்வழியில் படித்தவன் அதைத் தமிழாக்கிப் புரிந்துகொள்ள ஓரிரு வினாடி ஆகிறது. நானோ வினாடியை அளக்கும் களத்தில் ஓரிரு வினாடி என்பது யுகம்! 2022இல், நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, சென்னையில் நடந்த ஒரு போட்டிக்கு எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து இருவர் சென்றோம். 25 கேள்விகள், முழுதும் ஆங்கிலம். 'பாயன்ஸி' என்ற சொல்லை அந்தத் தாளில்தான் முதன்முதல் கண்டேன். மிதப்பு விசையை நான் ஒன்பதாம் வகுப்பு முதலே அறிவேன். கிணற்று நீரில் வாளியின் கனம் குறைவதை அதற்கும் முன்பே அறிவேன். எங்கள் பெயர் ஆறில் வரவில்லை. எங்களைப்போல் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்த வேறு சில அணிகளின் பெயரும் வரவில்லை.

ஆங்கிலம் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. நானே இப்போது இரவில் ஆங்கிலப் பாடநூலுடன்தான் மல்லுக்கட்டுகிறேன். அளப்பது எதை என்பதுதான் கேள்வி. பொது அறிவை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மொழிபெயர்ப்பு வேகத்தை அளந்தால், வெப்பமானியால் எடை பார்த்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. எந்தச் செய்தி பொது அறிவு? நல்ல கேள்வி என்பது நினைவை மட்டும் சோதிக்காது. தெரிந்த சில துணுக்குகளைச் சேர்த்து விடையை எட்டச் செய்யும். "இந்த உலோகத்தின் பெயருக்கு ஸ்வீடன் மொழியில் கனமான கல் என்று பொருள், குமிழ் விளக்குக்குள் இழையாக இருந்தது, ஆயினும் இதன் வேதிக் குறியீடு இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து அன்று" என்றால் டங்ஸ்டனை யோசித்தே அடையலாம். இதே இலக்கணத்தில் நம் வட்டாரத்திற்கென ஒரு கேள்வி எழுதினோம்: "1613இல் டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினர். இவ்வூர் ஏரி உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே இரண்டாவது பெரியது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள தீவிலிருந்து ராக்கெட்டுகள் புறப்படுகின்றன. எந்த ஊர்?" பழவேற்காடு என்ற விடை கெல்ட்ரியா கோட்டையைப் படித்தவனுக்கும் கிடைக்கும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்போது மாடியில் நின்று பார்க்கும் எளாவூர்ப் பையனுக்கும் கிடைக்கும். போட்டியன்று இதற்கு மணியடித்தது கடற்கரைப் பக்கத்து அரசுப் பள்ளியின் இரு மாணவிகள். விடை சொன்னதோடு நில்லாமல், ராக்கெட் விடும் நாளில் தம் வீட்டார் கடலுக்குப் போக முடியாது என்பதையும் ஒரு பெண் சேர்த்துச் சொன்னாள். அது கேள்வித்தாளில் இல்லாத பொது அறிவு. அதற்கு மதிப்பெண் தர விதியில் இடமில்லை. கைத்தட்டலுக்கு விதி தேவைப்படவில்லை.

இருமொழியிலும் நடத்துவது சொல்வதற்கு எளிது. நடைமுறையில் ஒரு முடிச்சு விழுந்தது. ஆங்கிலத்தை முதலில் வாசித்தால் ஆங்கிலவழி அணி அழுத்திவிடும். தமிழை முதலில் வாசித்தால் தமிழ்வழி அணி. எதை முதலில் வாசிப்பது? ஒரு பேராசிரியர், "இரண்டையும் வாசிக்காதீர்கள்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம், அதுவே தீர்வாயிற்று. கேள்வி இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் திரையில் தோன்றும். அனைவரும் மௌனமாகப் படிக்கப் பன்னிரண்டு வினாடி. அதன்பின் நடத்துநர் தம் விசையைப் போட்டதும் பச்சை விளக்கு எரியும். அப்போதுதான் தாழ்ப்பாள்கள் திறக்கும். இதற்காக அனுமதி முனைக்கு முன்னால் ஓர் 'அண்ட்' வாயிலைச் சேர்த்தோம். ஒத்திகையில் ஒரு கள்ளத்தனம் புலப்பட்டது. பச்சை விளக்குக்கு முன்பே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், தாழ்ப்பாள் திறந்த கணமே அவ்வணிக்கு விளக்கு எரிந்துவிடுகிறது! மின்சுற்றில் இதைத் தடுக்க வழியுண்டு, ஆனால் நாளில்லை. ஆகவே பச்சை விளக்கு எரியும்வரை எல்லோரும் கையைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தோம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பன்னிரண்டு பேர் கை தூக்கி நின்ற காட்சி காவல் நிலையத்தை நினைவூட்டியது என்று வணிகவியல் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கட்டும்.

இம்முறையில், கேள்வி பாதியில் இருக்கும்போதே மணியடிக்கும் அந்தச் சிலிர்ப்பு போய்விடுகிறது. தொலைக்காட்சிக்காரர் எவரும் இதை விரும்பமாட்டார். பன்னிரண்டு வினாடி மௌனத்தைத் திரையில் காட்ட அவர்களுக்கு மனம் வராது. ஆனால் அரசுக்கென்று 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. அதற்கு விளம்பர நேரம் பற்றிய கவலை இல்லை. மாவட்டத்திற்கு ஓர் அணி, இருமொழித் திரை, ஊர் மணம் கமழும் கேள்விகள் என்று அங்கே ஒரு தொடர் நடத்தினால், அந்த மௌனத்தையே பார்வையாளரும் வீட்டில் யோசிக்கும் நேரமாக்கிவிடலாம். அம்மாவைப் போன்றவர்களும் அப்போது பதில் சொல்லிப் பார்ப்பார்கள்.

வரும் பருவத்தில் துறை மன்றம் இப்போட்டியை மீண்டும் நடத்த உள்ளது. தமிழில் கேள்வி எழுதித் தர விரும்பும் பிற துறை நண்பர்கள், ஒரு கேள்விக்கு ஒரு தாள் என எழுதி, விடையைப் பின்புறம் குறித்து மன்றச் செயலரிடம் தரலாம். மணிப்பெட்டி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் அலமாரியில் உள்ளது. ஆய்வக உதவியாளரிடம் கேட்டு எடுத்துப் பார்க்கலாம். ஆறாம் பொத்தானின் வில் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அதை மட்டும் மெதுவாக அழுத்துக.